கத்தி காப்பாற்றும், காரணமின்றி எடுத்தால் காயப்படுத்தும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



சிசேரியன் ஆபரேஷனைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு அடிபடுகிறது. “கத்தி வைத்தால் பிழைக்கமாட்டாள்” என்பது ஒன்று. “வலியில்லாமல் சீக்கிரம் முடிந்துவிடும்” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு.

குழந்தை குறுக்கே கிடந்தால், நச்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக்கொண்டால், தொப்புள்கொடி முன்னால் நழுவினால், ஆபரேஷன்தான் தாயையும் சேயையும் காப்பாற்றும். அப்போது தயங்கக்கூடாது.

ஆனால் அவசியமில்லாத இடத்தில்? இது வயிற்றையும் கருப்பையையும் அறுத்துத் தைக்கும் பெரிய ஆபரேஷன். ரத்தப்போக்கு மிஞ்சலாம். புண்ணிலோ கருப்பையிலோ சீழ் பிடிக்கலாம். மூத்திரப்பையில் காயம் படலாம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகலாம். மாதம் நிறையுமுன் நாள் குறித்து எடுத்த குழந்தை மூச்சுத் திணறலாம். அடுத்த பிரசவத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடிப் பிரியாமல் போகலாம், தழும்பே பிளக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். நாட்டின் பிரசவங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 36 பிரசவம் சிசேரியன்; தனியார் ஆஸ்பத்திரிகளில் 64! தனியார் வாசலை மிதித்ததும் நம் பெண்களின் இடுப்பு சுருங்கிவிடுகிறதா?

ஆகவே கேளுங்கள்: “டாக்டர், என்ன காரணம்? காத்திருந்தால் என்ன ஆபத்து?” கேட்பது உங்கள் உரிமை.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், தையலில் சீழ், நாற்றமுள்ள போக்கு, நிற்காத உதிரம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சிரைப்பு, இவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பிரசவத்திற்கு அது வேண்டும்.

ஆறு வாரமாவது பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடத்தை ஆண்கள் தூக்குங்கள், தோழர்களே!

பேறுகால விடுப்பு 1961-இல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. ஆலைச் சகோதரி அதை ஒரு நாளும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் நாற்று நடும் சகோதரிக்குக் கூலியோடு ஓய்வு எங்கே? குனிந்தால்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. தையல் ஆறுமுன் அவளைச் சேற்றில் இறக்குவது டாக்டரின் கத்தியல்ல, பசி. அவளுக்கும் கூலியோடு ஓய்வு வேண்டும். ஆலையும் வயலும் சேர்ந்து அதைக் கேட்போம்!