பாட்டை மறிக்கும் முரசு



மேல்நாட்டு இசை வெறும் இரைச்சலே என்போர் நம்மிடையே உண்டு. அவர்களோடு வாதிட நாம் வரவில்லை. டென்மார்க் நாட்டுக் கார்ல் நீல்சன் இயற்றிய ஐந்தாம் சிம்பொனியை ஒருமுறை செவிமடுக்குமாறு மட்டும் வேண்டுகிறோம்.

நீல்சன் 1865-இல் பியூன் தீவில் ஓர் எளிய குடும்பத்தில், 12 பிள்ளைகளுள் ஏழாமவராய்ப் பிறந்தவர். தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். ஊர் விழாக்களில் பிடிலும் வாசிப்பார். மகனோ இளமையில் இராணுவ வாத்தியக் குழுவில் ஊதினார். பின்னர்க் கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் 1905 வரை இரண்டாம் வரிசைப் பிடில்காரராய்ச் சம்பளத்திற்கு உழைத்துக்கொண்டே இசை இயற்றினார். மாதச் சம்பளக்காரராகிய நமக்கு இது ஆறுதலான செய்தி அன்றோ!

முதல் உலகப் போர் ஓய்ந்தபின் எழுந்த இச்சிம்பொனி, 1922 ஜனவரி 24-இல் அவர் தலைமையிலேயே அரங்கேறியது. வழக்கமான நான்கு பகுதிகள் இதற்கில்லை, இரண்டே. தொடக்கத்தில் வயோலாக்கள் இரண்டே சுரங்களில் ஊசலாடுகின்றன. சற்றுப் பொறுத்து, படை அணிவகுப்பில் அடிப்பதே போன்றதொரு சிறுமுரசு நுழைகிறது. பிறகு விரிந்த, கனிந்த பாட்டொன்று மெல்ல எழும். கேட்கும் நெஞ்சு அதில் தோயத் தொடங்கும் வேளையில் முரசு மீண்டும் பாய்கிறது.

நம் கச்சேரியில் மிருதங்கம் பாட்டுக்கு நிழல். தனியாவர்த்தனத்தில் எத்துணைச் சுற்றினாலும் பாட்டின் எடுப்புக்கே வந்து சேரும். இங்கோ முரசு தன் வேகத்தில் தனித்து அடிக்கிறது. பாட்டை எப்பாடுபட்டேனும் நிறுத்த முனைவதுபோல் மனோதர்மமாக அடிக்க வேண்டுமென்பது இயற்றியவர் இட்ட கட்டளை! ஆகவே வாசிப்பவருக்கு வாசிப்பவர் அப்போர் மாறும். இசைக்குழு பணியவில்லை, பெருகிப் பெருகி முரசை மூழ்கடிக்கிறது. அத்துடன் முடித்திருந்தால் எளிய வெற்றியாகியிருக்கும். ஆனால் எல்லாம் அடங்கியபின் கிளாரினெட் ஒன்று தனியே புலம்ப, தொலைவில் அம்முரசு இன்னும் மெல்ல ஒலிக்கிறது. போரைக் கடந்தவர் செவியில் அவ்வொலி எளிதில் ஓயாதுபோலும்.

இரண்டாம் பகுதி விரைவும் துரத்தலுமாய்ச் சென்று ஒளியோடு முடிவது. அதனைப் பிறிதொரு நாள் கேட்கலாம். முதற்முறை கேட்பவர் இராகம் தேடாமல், பாட்டையும் முரசையும் மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

1924-இல் ஸ்டாக்ஹோமில் இதனை வாசித்தபோது அவையோருள் பலர் இடையிலேயே எழுந்து வெளியேறினராம். இப்போது முதற்பகுதியை ஒலிபெருக்கியில் வைக்கிறோம். கிளாரினெட் ஓயும்வரை அருள்கூர்ந்து அமர்ந்திருங்கள், சிற்றுண்டி அதன்பின்னரே.