எலும்பு சேர்ந்தால் போதுமா?

(திருப்பதியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வருவது புத்தூர் கட்டுதான். பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூருக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஜனங்கள் வந்து, பச்சிலை பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் திருப்பதியில் தேவஸ்தானத்தின் பேர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது, அருகில் வேலூரும் இருக்கிறது. எங்கே போனாலும் எல்லோரும் கேட்பது, "எலும்பு சேர்ந்துடுமா டாக்டர்?" என்றுதான். "சேர்ந்த பிறகு அசையுமா?" என்று கேட்பவர் அபூர்வம்.

சித்தூரில் ஒரு மாமி முற்றத்தில் வழுக்கி விழுந்து, ஆள்காட்டி விரலின் அடி எலும்பு முறிந்தது. சின்ன பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது. ஆனால் மாமியால் கோலப்பொடியைக் கிள்ளி எடுக்க முடியவில்லை. "கை இருக்கு, கோலம் இல்லை" என்று கண் கலங்கினார்.

காரணம் இதுதான். விரலை நீட்டும் தசைநார் எலும்பின் மேல் ஒட்டினாற்போல ஓடுகிறது. பிளேட் இருப்பது இரண்டுக்கும் நடுவில். காயம் ஆறும்போது உண்டாகும் நார்த்திசு தசைநாரையும் பிளேட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வழுக்கி ஓட வேண்டிய கயிறு கட்டிப்போட்டது போல் ஆகிவிடுகிறது.

இதில் உலோகத்தின் மேற்பரப்புக்கும் பங்கு உண்டு. மாமிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பழகிய தோசைக்கல்லில் தோசை ஒட்டாது. பிளேட்டுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மின்முறையில் பளபளவென்று மெருகிடுவார்கள். அதைச் சுற்றித் திசு ஓர் உறைபோல் வளரும், ஆனால் இறுகப் பிடிக்காது. வழக்கமான டைட்டானியம் பிளேட்டில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டு. திசுவும் எலும்பும் அதை நன்றாகப் பற்றும். பிறகு பிளேட்டைக் கழற்றுவதும் சிரமமாகும். டைட்டானியத்தையும் மெருகிட்டால் இந்தப் பிடிப்பு குறைகிறது என்று சுவிட்சர்லாந்தின் டாவோஸிலுள்ள ஏ.ஓ. ஆராய்ச்சி நிலையத்தார் விலங்குகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மூட்டுத் திரவத்தில் இயற்கையாகவே உள்ள ஹையலூரோனிக் அமிலத்தைப் பூச்சாகப் பயன்படுத்தவும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அப்படியானால் எல்லா பிளேட்டையும் வழுவழுப்பாக்கிவிடலாமே என்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல். திசு ஒட்டாத இடத்தில் திரவம் தேங்கலாம், அங்கே கிருமி புகுந்தால் உடம்பால் எளிதில் விரட்ட முடியாது. முயல்களில் செய்து 1996ல் வெளியான ஓர் ஆய்வில், டைட்டானியத்தைவிட ஸ்டீல் பிளேட் வைத்தவற்றுக்கே தொற்று அதிகம் வந்தது. செயற்கை இடுப்பு மூட்டிலோ எலும்பு பற்றிக்கொள்ள வேண்டும் என்றே சொரசொரப்பான பூச்சு போடுகிறார்கள். ஆக, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி, ஓட வேண்டிய இடத்தில் ஓட வேண்டும். எந்த இடத்துக்கு எது என்பதை சர்ஜன்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் எந்தப் பூச்சும் செய்யாத வேலை ஒன்று உண்டு. அது உங்கள் கையில் இருக்கிறது. அந்த மாமி பயத்தில் ஆறு வாரம் கையைப் புடவைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தார். ஆத்தில் எல்லோரும் "அசைக்காதே, அசைக்காதே" என்று அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்புதான் விரலைக் கட்டிப்போட்டது. பிளேட் உறுதியாக வைப்பதே சீக்கிரம் அசைக்கத்தான். மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ போட்டாலும், கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை டாக்டர் அனுமதித்தால் அசைக்க வேண்டும்.

பிறகு பிளேட்டை எடுத்து, தசைநாரைப் பிரித்துவிட்டோம். மறுநாளே பயிற்சி ஆரம்பம். வலியில் அழுதார், ஆனால் விடவில்லை. முழுசாக மடங்காவிட்டாலும் அடுத்த மார்கழிக்கு வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டார்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிளேட் தசைநாருக்கு அடியில் வருமா? பிற்பாடு எடுக்க வேண்டியிருக்குமா? எந்த நாளிலிருந்து எப்படி அசைக்கலாம்? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காமல் ஆத்துக்கு வராதீர்கள்.

வேங்கடேசப் பெருமாள் அனுக்ரஹத்தில் எல்லோரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.