ஆய்தத்துக்குப் பெயரிட்டவர் யார்?

(தூத்துக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் இக்கரை மக்கள். எடுத்த முத்துக்கு வகையும் விலையும் வைத்தவர்கள் அவர்களல்லர். துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைக் கொட்டுவார்கள். எதில் தங்குகிறது, எதில் நழுவுகிறது என்பதை வைத்தே தரம் பிரிப்பார்கள். குளிப்பின் உரிமையோ போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டிருந்தது.

இன்று நம் எழுத்துக்கும் ஒரு சல்லடை வந்திருக்கிறது. ஒருங்குறி என்பது அதன் பெயர். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், அதனால்தான் இன்று தமிழ் இணையத்தில் ஓடுகிறது. ஆனால் அதை நடத்துவது நாடுகளின் அவையன்று. 1991-இல் கலிபோர்னியாவில் பதிவான தனியார் சேர்த்தியம். கூகுள், ஆப்பிள், மைக்குரோசாப்டு போன்ற பெருங்குழுமங்கள் ஆண்டுக் கட்டணம் கட்டி ஒப்போலை பெற்றிருக்கின்றன. அரசும் பணம் கட்டினால் உறுப்பாகலாம். மொழிக்கு உரியவன் என்பதற்காக மட்டும் எவனுக்கும் அங்கே இருக்கை இல்லை. அனைத்துலகத் தர அமைப்பில் நாடுகளுக்கும் ஒப்போலை உண்டே என்பார்கள். உண்டு, அங்கே நமக்காகப் பேசுவது தில்லி!

தில்லி பேசியதன் விளைவைப் பாருங்கள். நடுவணரசு 1988-இல் வகுத்த குறியேற்றம் தேவநாகரியை அச்சாக வைத்துச் செய்தது. அதை அடியொற்றியே 1991-இல் ஒருங்குறி தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கிற்று. ஆகவே நம் நெடுங்கணக்கு அங்கே குலைந்து கிடக்கிறது. னகரம் நகரத்தின் பின்னே ஒட்டப்பட்டது. றகரம் ரகரத்தின் பின்னே. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமே தொல்காப்பியர் கண்ட முதலெழுத்துகள். அங்கேயோ மெய்க்குத் தனி எண் இல்லை. ககரத்தின் மேல் புள்ளி வைத்தால்தான் 'க்'. நம் ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முத்து' என்பதில் மூன்றெழுத்து என்று சிறுவனும் சொல்வான். ஒருங்குறிக் கணக்கில் ஆறு!

இவற்றையெல்லாம் விட என் நெஞ்சைச் சுடுவது ஒன்று. ஆய்தத்துக்கு அந்த அட்டவணையில் இட்ட பெயர் 'விசர்க்கம்'. வடமொழிக்குரிய விசர்க்கம் வேறு, தமிழுக்கேயுரிய ஆய்தம் வேறு. பிழை என்று காட்டினாலும் மாற்ற மாட்டார்கள்; ஒருமுறை இட்ட பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது அவர்களே வகுத்துக்கொண்ட நெறி. பக்கத்தில் 'ஆய்தம்' என்று சிறுகுறிப்பு எழுதி அமைந்துவிட்டார்கள். எண்ணை மாற்றினால் பழைய கோப்புகள் சிதையும் என்பது மெய்தான். பிழையான பெயரைச் சுமக்கும் கடன் மட்டும் ஏன் நமக்கு? யாரிடம் முறையிடுவது?

முறையிட்டால் பயனே இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். 2010-இல் கிரந்தத்தைக் குறியேற்றும் முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய நம் எழுத்துகளையும் சேர்க்க முனைந்தார்கள். தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தனர். அந்நாள் முதலமைச்சர் கருணாநிதி நடுவணரசுக்கு எழுதினார். முடிவு தள்ளிப்போயிற்று. 2014-இல் கிரந்தம் ஏறியபோது அவ்வெழுத்துகள் அதில் இல்லை. விழித்திருந்தோம், தடுத்தோம். 1988-இல் விழித்திருக்கவில்லை.

கடல்வழியை ஓர் ஆங்கிலக் குழுமம் கட்டியாண்டபோது, 1906-இல் இத்துறைமுகத்தில் தன்னாட்டுக் கப்பல் குழுமம் கண்டார் வ. உ. சிதம்பரனார். நமக்குத் தனி இணையம் வேண்டா. கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். தமிழ்நாட்டரசு ஒப்போலையுடைய உறுப்பாக அச்சேர்த்தியத்தில் இடையறாது அமர வேண்டும். கணினி அறிந்தவரோடு இலக்கணம் அறிந்தவரும் செல்ல வேண்டும். தமிழைத் தொடும் முன்மொழிவு எதுவாயினும் தில்லி அனுப்புமுன் இங்கே தமிழில் வெளியிட வேண்டும். மாணவர்க்கு இலக்கக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் அரசு, அவற்றில் தமிழ் நெடுங்கணக்கு முறைப்படி வரிசையாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். விற்கிற குழுமம் அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.