சருகினுள் ஓர் இல்லம்



உதிர்ந்த இலையை உலகம் குப்பை என்கிறது. அக்குப்பையையே உணவாகவும் போர்வையாகவும் இல்லமாகவும் கொண்டு வாழும் சிற்றுயிர் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் ஓக், பிர்ச் மரக்காடுகளில் காணப்படும் சிறிய அந்துப்பூச்சி அது. அடெலா ரெயோமுரெல்லா என்பது அதன் அறிவியற் பெயர். பூச்சிகளின் வாழ்வைப் பற்றி 1734 முதல் 1742 வரை ஆறு தொகுதிகள் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ரெயோமூரின் நினைவாக, 1758இல் லின்னேயஸ் சூட்டியது இப்பெயரின் பிற்பகுதி.

சிறகுகளை விரித்தால் அகலம் 14 முதல் 18 மில்லிமீட்டர். முன்சிறகுகள் பச்சையும் பொன்னும் கலந்து மின்னும். ஆண்பூச்சியின் வெண்மையான உணர்கொம்புகளோ சிறகினும் ஏறத்தாழ மும்மடங்கு நீளமானவை. அந்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை இரவில் பறக்க, இது பகலில் பறப்பது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, இளவெயிலில் ஆண்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மரக்கிளைகளைச் சுற்றி ஆடும். காண்போர் கண்குளிர வியப்பர்.

ஆனால் அந்த ஆட்டம் சில வாரங்களே. அதற்கு முன் பல மாதங்கள் அவ்வுயிர் புழுவாக மரத்தடிச் சருகினுள் வாழ்கிறது. இலைத்துணுக்குகளை இணைத்துத் தனக்கொரு கூடு அமைக்கிறது. அக்கூட்டைச் சுமந்தவாறே ஊர்ந்து, உதிர்ந்த இலைகளை உண்கிறது. பனிக்காலத்தை அங்கேயே கழித்து, அக்கூட்டினுள்ளேயே உருமாறிச் சிறகு பெறுகிறது.

இலைக்குள் இலையாக மறைந்திருப்பது அதற்குக் காப்பு. அம்மறைவே அதற்கு இடராகவும் முடிகிறது. இலையுதிர் காலத்தில் தோட்டத்தைத் தூய்மை செய்வோர் சருகைக் கூட்டித் தீயிடும்போது, உள்ளே உயிர் இருப்பதை அறிவதில்லை. கொல்லும் எண்ணம் அவர்களுக்குச் சிறிதும் இல்லை. ஆயினும் கொலை நிகழ்ந்துவிடுகிறது. வசந்தத்தில் ஆடவேண்டிய கூட்டம் முந்தைய ஆண்டின் தீயிலேயே முடிந்துபோகிறது.

மயிற்பீலியால் இடத்தை மெல்ல நீவியபின் அமரும் துறவியரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் உயிரைக் காப்பது எளிது. தெரியாத உயிர் இருக்கக்கூடும் என எண்ணித் தயங்குவதே அரிது.

எந்த நாட்டுச் சருகாயினும் அது வெறுங்குப்பை அன்று. பற்பல சிற்றுயிர்களின் உறைவிடம். நடைபாதையில் விழுந்ததைக் கூட்டுதல் வேண்டும். கூட்டியதை எரித்தல் வேண்டா. அம்மரத்தடியிலேயே குவித்துவைத்தால் மண்ணுக்கு உரமாகும். உள்ளிருக்கும் உயிர்களுக்கும் வாழ்வாகும். இல்லந்தோறும் தீக்குச்சியை எடுக்குமுன் ஒரு கணம் தயங்கும் பழக்கத்தைச் சிறார்க்குக் கற்பிப்போமாக!