வானத்தின் களஞ்சியம்

நிலவற்ற இரவில் கல்முனைக் கடற்கரையில் நின்று பால்வீதியை நோக்கினால், அதனிடையே கரிய திட்டுக்கள் தோன்றும். அவை வெற்றிடமல்ல, ஒளியை மறைக்கும் தூசிப் படலங்கள். தூசியும் வாயுவும் செறிந்து குளிர்ந்த அவ்விடங்களிலேதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன.

பால்வீதியைப் போன்ற பெருங்கூட்டங்கள் எண்ணற்றவை. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றில் விண்மீன் பிறப்பு உச்சத்திலிருந்தது, பின்னர் குன்றியது. காரணம் யாது?

ஐதரசன் வாயு வெளியிடும் வானொலி அலையைத் தூசி தடுப்பதில்லை. புனே நகருக்கு அருகேயுள்ள 30 வானொலித் தொலைநோக்கிகள், 7,653 பெருங்கூட்டங்களின் அவ்வலைகளை ஒன்றுதிரட்டின. 2020இல் முடிபு வெளியாயிற்று: சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த வாயு, 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது. புதுவாயுவின் வரவு போதாமையால் பிறப்பும் தளர்ந்தது.

வரவின்றிச் செலவு தொடர்ந்தால் களஞ்சியம் வெறுமையாகும் என்பதை நெல் விளைவிக்கும் நம்மவர் அறிவர். வானுக்கும் அதுவே கணக்கு.