கரும்பலகையில் மழை



டெல்டா விவசாயிகளே, 2021 ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். பொங்கலுக்குப் புதுநெல் வீட்டுக்கு வரவேண்டிய நேரத்தில் மழை வந்தது. முற்றிய சம்பா சாய்ந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை. அப்போது மழையைக் கொண்டுவந்த தாழ்வு மண்டலம் திடீரென்று குதித்ததா? இல்லை. வானிலை மையம் சில நாள் முன்பே சொல்லிவிட்டது. சொன்னதைக் கேட்டு நாம் என்ன செய்திருக்க முடியும்? அறுவடை மிஷினுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. அவசரமாக அறுத்தாலும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். காயவைக்கக் களம் எங்கே? போர்த்தத் தார்ப்பாய் எங்கே? கையைக் கட்டிப்போட்டுவிட்டு "மழை வருது, ஓடு" என்று சொன்னால் அதற்குப் பெயர் எச்சரிக்கையா?

பருவக் கணிப்பின் கதை இன்னொரு விதம். வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்ற இந்திய வானிலைத் துறையின் அறிக்கை செப்டம்பர் கடைசியை ஒட்டி வருகிறது. 155 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 சப் 1 நெல்லை நாம் ஆகஸ்டிலேயே விதைத்துவிடுகிறோம். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற மாதிரி! அந்த ரகம் இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும். ஆனால் 2016-இல் வந்தது வெள்ளமா? பருவமழை 62 சதவீதம் குறைந்தது. மழை பொய்க்கும் வாய்ப்பு அதிகம் என்று ஜூலையிலேயே ஒரு குத்துமதிப்பாவது கிடைத்தால், கொஞ்ச நிலத்திலாவது வயது குறைந்த ரகத்தைப் போடலாமே!

எல் நினோ என்றதும் தொலைக்காட்சியில் பஞ்சம் பஞ்சம் என்று அலறுகிறார்கள். அது தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்தும் பேச்சு. நம் ஐப்பசி மழைக்கு எல் நினோ பெரும்பாலும் கைகொடுக்கும். 2015 வெள்ளம் எல் நினோ ஆண்டில்தானே வந்தது? பெரும்பாலும் என்கிறேன், எப்போதும் என்று சொல்லவில்லை. அதற்கு நேரெதிரான லா நினா இருந்த 2021-லும் மழை கொட்டித் தீர்த்தது. பத்துக்கு ஏழு வாய்ப்பு என்றால் வானிலைத் துறை அப்படியே சொல்லட்டும். சீட்டு கட்டி, வட்டிக் கணக்குப் பார்த்து வாழ்கிறவனுக்கு அது புரியாதா?

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். அதைக் கொள்முதல் நிலைய வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அதற்குக் கீழேயே, இன்று எத்தனை மூட்டை எடுப்பீர்கள், கையில் எத்தனை தார்ப்பாய் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சாக்பீஸ் செலவு என்னுடையது.