தை மாதத்தில் காத்திராத மூன்று வேலைகள்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



களத்து வேலையை விட்டுவிட்டு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் நான் நீட்டிப் பேசப் போவதில்லை.

தை மாதம் நமக்குச் சந்தோஷமான மாதம். நெருக்கடியான மாதமும் அதுவே. சம்பா அறுப்பு, கட்டுச் சுமத்தல், போரடி, தூற்றல் யாவும் ஒன்றாக வருகின்றன. நடுவே பொங்கலும் மாட்டுப் பொங்கலும் உண்டு. மார்கழியில் கலியாணம் செய்வதில்லையாதலால், காத்திருந்த முகூர்த்தங்களெல்லாம் தை பிறந்தவுடன் கூடிவிடுகின்றன. உறவின்முறையார் வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாது. இந்நிலையில், 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்' என்று சில வேலைகளை ஒதுக்கி வைப்பது சோம்பல் அன்று. இன்ன வேலை காத்திருக்கும், இன்ன வேலை காத்திராது என்று யோசியாமல் ஒதுக்குவதே தவறு.

வேலி கட்டுதல், கூரை வேய்தல், வண்டி மராமத்து, எருக்குழியை வெட்டி வயலுக்கு அடித்தல் ஆகியவை பங்குனி வரையில் காத்திருக்கும். இவற்றைக் கவலையின்றித் தள்ளிவையுங்கள். மூன்று வேலைகள் மட்டும் காத்திரா.

முதலாவது, உளுந்து பயறு தெளிப்பது. காவேரிப் பாசன நிலங்களில், சம்பா அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் பயிரின் நடுவிலேயே விதையைத் தெளிக்கவேண்டும். நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அப்பயிர் வளர்கிறது. கலியாணத்துக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் வயல் இருக்கும், ஈரம் இராது.

இரண்டாவது, விதைநெல்லை உலர்த்துவது. அறுத்த நெல்லில் நூற்றுக்கு 20 பங்கு அளவு ஈரம் இருப்பதுண்டு. சேமித்து வைக்கும் விதையில் 13 பங்குக்கு மேல் இருத்தலாகாது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் குவியல் சூடேறி முளை கெடும். வண்டும் பூஞ்சணமும் பற்றும். உச்சி வெயிலை விலக்கி, காலையிலும் பிற்பகலிலும் பரப்பிக் காயவைத்து, பல்லில் கடித்தால் 'படக்'கென்று முறியும் பதம் வந்த பின்பே குதிரில் கொட்டவேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் தமக்கையின் கலியாணம் நடந்த தை மாதத்தில், எங்கள் வீட்டு விதைநெல் கொட்டகை மூலையில் குவிந்து கிடந்தது. அதைப் பரப்பும்படி என் தகப்பனார் என்னிடம் சொல்லியிருந்தார். பந்தல் வேலை முடியட்டும் என்று நான் இருந்துவிட்டேன். ஆடியில் நாற்றங்காலில் விதைத்தபோது பாதிகூட முளைக்கவில்லை. வேறு விதை வாங்கக் கடன் பட்டோம். என் தகப்பனார் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மூன்றாவது, சங்கத்துத் தவணை. 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அவ்வருஷத்திலேயே, அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராமச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. பயிர்க்கடனுக்கு அறுப்பை ஒட்டித் தவணை வைப்பதன் காரணம் எளிது: குடியானவர் கையில் பணம் தங்கும் காலம் அதுவே. அப்பணம் வெகுநாள் தங்காது. மொய், புடவை, வண்டிச் சத்தம் என்று நாலு வழியில் போய்விடும். தவணை தப்பினால் அபராத வட்டி ஏறும். அடுத்த சாகுபடிக்குக் கடன் கிடைப்பதும் தடைப்படும். ஆகையால், நெல் விற்ற அன்றே தவணையைக் கட்டி, ரசீது பெற்று, பாஸ் புத்தகத்திலும் பதிந்துகொண்டு, பிறகு கலியாணத்துக்குப் புறப்படுங்கள். மொய் எழுதும் கையும் அப்போது நடுங்காது.

'நான் ஒருவன் எத்தனை இடத்தில் நிற்பேன்?' என்று கேட்பீர்கள். அதற்காகத்தானே சங்கம் இருக்கிறது! கலியாண வீட்டுக்காரரின் விதைநெல்லை அடுத்த வீட்டார் இரண்டு நாள் பரப்பி அள்ளிக் கொடுக்கட்டும். அவர் வீட்டுக் காரியம் வரும்போது இவர் கைம்மாறு செய்யட்டும். ஊருக்குப் புறப்படுமுன் அயலாரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் போனால் போதும். கடன் கொடுக்கல் வாங்கலோடு நின்றுவிட்டால் அது பாதிக் கூட்டுறவே ஆகும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பெரியோர் வாக்கு. தூற்றுகிற கை நமதாயினும் காற்று நமதன்று. இன்றிரவு வீட்டுக்குப் போனவுடன், இம்மூன்றில் எது உங்களுக்குப் பாக்கி என்று மட்டும் பாருங்கள். மற்றவை பங்குனியில் ஆகட்டும்.

உங்கள் களம் பொலிக!